66ஏ: ரத்தான பின்னும் வழக்குப் போட்ட சட்டப்பிரிவு

இணையமும் உரிமையும் – வரலாற்றுத் தொடர், பகுதி 7

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதில் 66ஏ என்றொரு பிரிவே கிடையாது. அது வணிகத்துக்காகப் பிறந்த சட்டம். பன்னாட்டு வணிகச் சட்டத்துக்கான ஐ.நா. ஆணையம் 1996-ல் உருவாக்கிய மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி, மின்னணு ஆவணங்களுக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் சட்ட மதிப்பு கொடுப்பதே அதன் முதல் வேலை. குற்றங்களைப் பற்றிய பகுதி சிறியது. கணினிக்குள் அத்துமீறுவது, ஆபாசத்தை வெளியிடுவது போன்ற சிலவற்றோடு அது முடிந்துவிட்டது. பேச்சைக் கண்காணிக்கும் எண்ணம் அதை எழுதியவர்களுக்கு அவ்வளவாக இருந்ததாகத் தெரியவில்லை.

நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2004-ன் இறுதியில், டெல்லி பள்ளி மாணவர்கள் தொடர்பான ஆபாசக் காட்சித் துண்டு ஒன்றை யாரோ ஒருவர் பாஜி.காம் என்ற ஏல விற்பனைத் தளத்தில் விற்பனைக்குப் போட்டார். தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜ் டிசம்பரில் கைது செய்யப்பட்டார். பயனர் செய்ததற்குத் தளத்தை நடத்துபவர் சிறைக்குப் போவதா என்று தொழில் துறை கொதித்தது. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. திருத்த மசோதா 2006 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அப்போது தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் தயாநிதி மாறன். நாடாளுமன்ற நிலைக்குழு அதைப் பரிசீலித்தது, பிறகு மசோதா கிடப்பில் கிடந்தது. 2008 நவம்பர் 26-ல் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகு அதற்கு அவசரம் வந்தது. அடுத்த மாதமே, கூச்சல் குழப்பத்துக்கு நடுவே, விவாதம் ஏதுமின்றி இரு அவைகளிலும் நிறைவேறியது. அப்போது துறை ஆ. ராசாவிடம் இருந்தது. 2009 பிப்ரவரி 5-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அக்டோபர் 27-ல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தோடு நுழைந்ததுதான் 66ஏ. கணினி அல்லது தகவல் தொடர்புக் கருவி வழியாக அனுப்பப்படும் செய்திகளை அது மூன்று கூறுகளாகப் பிரித்தது. மிக மோசமாகப் புண்படுத்துகிற, அல்லது மிரட்டும் தன்மையுள்ள எந்தத் தகவலும் முதல் கூறு. பொய் என்று தெரிந்தே, எரிச்சல், அசௌகரியம், ஆபத்து, இடைஞ்சல், அவமதிப்பு, காயம், மிரட்டல், பகை, வெறுப்பு, மனக்கசப்பு ஆகியவற்றை உண்டாக்குவதற்காகத் தொடர்ந்து அனுப்பப்படும் தகவல் இரண்டாவது. எரிச்சலூட்டவோ, யார் அனுப்பியது என்பதை மறைத்து ஏமாற்றவோ அனுப்பப்படும் மின்னஞ்சல் மூன்றாவது. எதைச் செய்தாலும் மூன்றாண்டு வரை சிறை, அபராதம் வேறு.

இந்தச் சொற்களில் பலவற்றுக்குச் சட்டத்தில் எங்குமே விளக்கம் இல்லை. எது எரிச்சல்? எந்த அளவு அசௌகரியம் குற்றமாகும்? அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தொல்லை, மிரட்டல் போன்றவற்றுக்கு வரையறை இருந்தது. இங்கே கேட்பவரின் மனநிலையே குற்றத்தின் அளவுகோலாகிவிட்டது. ஆபத்தும் மனக்கசப்பும் ஒரே வரியில் அடுத்தடுத்து நின்றன, இரண்டுக்கும் ஒரே தண்டனை.

வாசகம் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1935-ல் அஞ்சல் துறைச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், தொலைபேசி வழியாக மிக மோசமாகப் புண்படுத்தும், ஆபாசமான, மிரட்டலான செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியது. இணைப்பகங்களில் பணியாற்றிய பெண்களிடம் வாய்க்கு வந்தபடி பேசியவர்களைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஒருவர் மற்றொருவர் காதில் பேசும் கருவிக்காக எழுதிய சொற்கள், சட்டம் மாறச் சட்டம் மாறக் கைமாறி, 2003-ன் தகவல் தொடர்புச் சட்டத்தின் 127-வது பிரிவாகின. அங்கே உச்சபட்சத் தண்டனை ஆறு மாதம். டெல்லிக்கு வந்தபோது அது ஆறு மடங்கானது.

மூன்றாண்டு என்ற அந்த எண் தற்செயலானது போலத் தோன்றும். நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான். மூன்றாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் போலீசார் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம் என்று இதே சட்டத்தின் 77பி சொல்கிறது. அவதூறு வழக்கோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். பழைய தண்டனைச் சட்டத்தின் 500-வது பிரிவில் அவதூறுக்கு இரண்டாண்டு தண்டனைதான். அதில் போலீசார் தாமாகக் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுத்து, சாட்சி சொல்லி, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டும். அதே கருத்து ட்விட்டரில் வந்திருந்தால் ஒரு புகார் மனு போதும், விடிவதற்குள் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். குற்றம் ஜாமீனில் விடக்கூடியதுதான். ஆனாலும் ஓர் இரவு லாக்கப்பே பலருக்குப் போதிய தண்டனை என்பது புகார் கொடுத்தவர்களுக்குத் தெரியும். அரசியல்வாதிகளுக்கு இந்தப் பிரிவு பிடித்துப்போனதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2012-ம் ஆண்டில் அது வெளிப்பட்டது. ஏப்ரலில், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து தினேஷ் திரிவேதி நீக்கப்பட்டு முகுல் ராய் அமர்த்தப்பட்டதைக் கிண்டல் செய்யும் படத்துணுக்கை, தம் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மின்னஞ்சலில் மற்றவர்களுக்கு அனுப்பியதுதான் அவர் செய்தது. துணுக்கு சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படத்தை வைத்து அமைந்தது. படத்தில் வரும் சிறுவனின் பெயரும் முகுல், கெட்டவன் மாயமாகிவிட்டான் என்பது அதில் வரும் வசனம். வங்காளத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த படம் அது. அதில் முதல்வர் மம்தா பானர்ஜியோ கொலைச் சதியைக் கண்டார். பேராசிரியர் மீது அவதூறு, பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்துதல் ஆகியவற்றோடு 66ஏ-வும் சேர்க்கப்பட்டது.

செப்டம்பரில் கேலிச்சித்திரக்காரர் அசீம் திரிவேதி மும்பையில் கைதானார். தேசத்துரோகப் பிரிவுக்குத் துணையாக அங்கும் 66ஏ வந்தது. அக்டோபர் 30 விடியற்காலையில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரின் வீட்டுக்கு சிபிசிஐடி போலீசார் போனார்கள். அன்றைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்து குறித்து அவர் ஒரு ட்வீட் போட்டிருந்தார். கார்த்தி மின்னஞ்சலில் புகார் அனுப்பினார். ட்வீட் போட்டவரை அப்போது பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். கைதுக்குப் பிறகு அந்த ட்வீட்டை நாடே படித்தது. பதினாறு பேரோடு போயிருக்க வேண்டிய செய்தியை இந்தியா முழுதும் கொண்டுசேர்த்த பெருமை புகாரையே சேரும்.

அதே அக்டோபரில் சென்னையிலும் 66ஏ பயன்படுத்தப்பட்டது. இந்த வழக்கின் முகம் வேறு. ட்விட்டரில் தம்மைக் குறித்து ஆபாசமாகவும் இழிவாகவும் எழுதுகிறார்கள் என்று பாடகி சின்மயி மாநகரக் காவல் துறையில் புகார் செய்தார், இருவர் கைதானார்கள். பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டமும் அதில் சேர்க்கப்பட்டது. கைது நியாயமா, கருத்துரிமை மீறலா என்று தமிழ் இணைய உலகம் இரண்டாகப் பிரிந்து வாரக்கணக்கில் மோதிக்கொண்டது. இணையத்தில் தினமும் வசை வாங்கும் பெண்களுக்கு அப்போது கையில் கிடைத்த கருவிகளில் இதுவும் ஒன்று என்பதை இந்த வரலாற்றில் மறைக்க முடியாது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் 354டி பிரிவு தண்டனைச் சட்டத்தில் சேர்ந்ததே 2013-ல்தான். உண்மையான தொல்லையையும் அமைச்சர் வீட்டு மனத்தாங்கலையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாததுதான் 66ஏ-வின் பெரிய கோளாறு.

நவம்பர் 17-ல் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தார். மறுநாள் மும்பையும் சுற்றுப்புறமும் அடைத்துக் கிடந்தன. தாணே மாவட்டத்தில் அப்போது இருந்த பால்கர் ஊரில் 21 வயதுப் பெண் ஒருவர், தினமும் எத்தனையோ பேர் பிறந்து இறக்கிறார்கள், அதற்காக உலகம் நின்றுவிடுவதில்லை என்ற பொருளில் முகநூலில் எழுதினார். மரியாதை கேட்டு வாங்குவதல்ல, தானாக வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அவருடைய தோழி அதற்கு ஒரு ‘லைக்’ போட்டார். கூட்டம் கிளம்பிப் போய் அந்தப் பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனையை அடித்து நொறுக்கியது. போலீசார் கைது செய்தது எழுதியவரையும் லைக் போட்டவரையும். தலா 15,000 ரூபாய் பிணையில் இருவரும் வெளியே வந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தியதற்குக் கைதா என்ற கேள்வி, அதுவரை கேலிச்சித்திரக்காரர்கள் பாடு என்று இருந்தவர்களையும் தொட்டது. முகநூல் கணக்கு இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றுக்கு லைக் போட்டவர்கள்தாமே. இரு காவல் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், வழக்கும் கைவிடப்பட்டது.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, டெல்லியைச் சேர்ந்த ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் நவம்பர் இறுதியில் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவருக்கும் வயது 21தான். மனுவை விசாரணைக்கு எடுத்த தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர், இதுவரை யாரும் ஏன் வரவில்லை என்று வியந்தார். பிறகு பலர் வந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம், காமன் காஸ் அமைப்பு, மவுத்ஷட் விமர்சனத் தளம், இணைய நிறுவனங்களின் சங்கம், எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரின், நாடாளுமன்ற உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர் என்று மனுக்கள் சேர்ந்தன. இதே ராஜீவ் சந்திரசேகர் 2021-ல் தகவல் தொழில்நுட்பத் துறையின் இணை அமைச்சரானார். இணையத் தளங்களுக்கான விதிகளை இறுக்கும் பொறுப்பு அப்போது அவரிடம் இருந்தது. நாடாளுமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. மாநிலங்களவையில் மார்க்சிஸ்ட் உறுப்பினர் பி. ராஜீவ் 2012 டிசம்பரில் இந்தப் பிரிவைத் திருத்தக் கோரித் தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தார்.

அமைச்சர் கபில் சிபல் காலத்தில் அரசு கண்டுபிடித்த மருந்து ஒரு சுற்றறிக்கை. மூத்த காவல் அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் 66ஏ-யில் கைது கூடாது என்று 2013 ஜனவரியில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பிரிவின் வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. காவல் நிலையங்களிலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தீர்ப்பு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, உத்தரப் பிரதேச அமைச்சர் ஆசம் கான் பெயரில் ஒரு பதிவைப் பகிர்ந்ததாக பரேலியில் பள்ளி மாணவர் ஒருவர் கைதாகிச் சிறைக்குப் போனார்.

2014-ல் ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது 66ஏ-வைக் குறை சொன்னவர்கள் ஆளுங்கட்சியானதும் நீதிமன்றத்தில் அதற்காக வாதாடினார்கள். கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த துஷார் மேத்தா, பிரிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசின் சார்பில் உறுதி கொடுக்கவும் முன்வந்தார். அதை ஏற்க முடியாது என்று நீதிபதிகள் சொன்ன காரணம் எளிமையானது: அரசுகள் வரும், போகும், பிரிவு இருந்துகொண்டே இருக்கும். இன்றைய அரசு கொடுக்கும் வாக்கு நாளைய அரசைக் கட்டாது.

2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ரோஹின்டன் நாரிமன் அமர்வு 66ஏ-வை முழுமையாக ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நாரிமன். பேச்சை அவர் மூன்று படிகளாகப் பிரித்தார்: விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) தரும் உரிமைக்குள் அடங்கும். மூன்றாவது படிக்கு வந்தால்தான் அரசு கைவைக்கலாம், அதுவும் 19(2) சொல்லும் எட்டுக் காரணங்களில் ஒன்று இருந்தால். எரிச்சலும் அசௌகரியமும் அந்த எட்டில் இல்லை. வாதாடுவதற்கும் தூண்டுவதற்கும் உள்ள இடைவெளிக்கு உதாரணமாக ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் மார்க் ஆண்டனி ஆற்றும் உரையைத் தீர்ப்பு காட்டுகிறது.

பொது ஒழுங்கைக் காக்கவே இந்தப் பிரிவு என்று அரசு சொன்னதைத் தீர்ப்பு நெருங்கிப் பார்த்தது. ஒருவருக்கு மட்டும் அனுப்பிய மின்னஞ்சலும் லட்சம் பேர் பார்க்கும் பதிவும் 66ஏ-வுக்கு ஒன்றுதான். தனி ஒருவருக்கு வந்த எரிச்சலால் ஊரின் அமைதி எப்படிக் கெடும்? பேச்சுக்கும் கலவரத்துக்கும் நேரடி, உடனடித் தொடர்பு இருக்க வேண்டும் என்று ராம் மனோகர் லோகியா வழக்கில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் படமும் வழக்குக்குள் வருகிறது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989-ல் எஸ். ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. வெடிமருந்தில் விழுந்த பொறி போலப் பேச்சும் ஆபத்தும் பிரிக்க முடியாதபடி இருந்தால்தான் தடை செய்யலாம் என்பது அந்தத் தீர்ப்பின் அளவுகோல். இருபத்தாறு ஆண்டு கழித்து நாரிமன் அதை எடுத்து 66ஏ மீது வைத்துப் பார்த்தார்.

தெளிவின்மை பற்றிய பகுதிதான் தீர்ப்பின் கூர்மையான இடம். பிரிட்டனில் இதே சொற்களை வைத்து நடந்த இரு வழக்குகளை அது எடுத்துக்கொண்டது. ஒன்றில், நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் இனவெறி வசை பேசியவரைக் கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் விடுவிக்க, 2006-ல் பிரபுக்கள் சபை அது குற்றமே என்றது. மற்றொன்றில், பனியால் மூடிய விமான நிலையத்தை வெடி வைத்துத் தகர்ப்பேன் என்று ட்விட்டரில் நகைச்சுவையாக எழுதி தண்டிக்கப்பட்டவர் 2012-ல் மேல்முறையீட்டில் விடுதலையானார். ஒரே சொல்லுக்குச் சட்டம் படித்த நீதிபதிகளே எதிரெதிராகப் பொருள் கொள்ளும்போது, காவல் நிலையத்தில் இருக்கும் அதிகாரி எதை வைத்து முடிவு செய்வார், எழுதுபவர்தான் எதை வைத்து அடங்கி நடப்பார்? கேரளக் காவல் சட்டத்தில் இதே போக்கில் இருந்த 118(டி) பிரிவும் அன்றே விழுந்தது.

மனுதாரர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. இணையப் பக்கங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ நிலைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், குழு பரிசீலிக்க வேண்டும் என்ற பாதுகாப்புகள் விதிகளில் இருப்பதாக நீதிமன்றம் திருப்தி அடைந்தது. அந்த விதிகளிலேயே நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கவும் இடம் இருக்கிறது என்பதால், இந்தத் திருப்தி அவசரமானது என்றே சொல்ல வேண்டும். 79-வது பிரிவில் தளங்களுக்கு நிம்மதி கிடைத்தது. யாரோ ஒருவர் நோட்டீஸ் அனுப்பியதும் பதிவை நீக்க வேண்டியதில்லை. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ வந்தால் நீக்கினால் போதும் என்று பொருள் சுருக்கப்பட்டது.

தீர்ப்பு நாடெங்கும் கொண்டாடப்பட்டது. காவல் நிலையங்களுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. 2018-ல் அபினவ் சேக்ரி, அபர் குப்தா என்ற இரு வழக்கறிஞர்கள் எழுதிய ஆய்வு, ரத்தான பிரிவில் புதிய வழக்குகள் தொடர்ந்து பதிவாவதையும் நீதிமன்றங்கள் அவற்றை விசாரிப்பதையும் எடுத்துக்காட்டியது. ‘சட்ட ஸோம்பிகள்’ என்று அவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. குற்றச்சாட்டு உண்மையானால் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் சிறைக்குப் போவார்கள் என்று நாரிமன் எச்சரித்தார். 2019 பிப்ரவரி 15-ல், தீர்ப்பின் நகல் உயர் நீதிமன்றங்கள் வழியாக மாவட்ட நீதிமன்றங்களுக்கும், தலைமைச் செயலாளர்கள் வழியாகக் காவல் துறைக்கும் போக வேண்டும் என்று உத்தரவானது. அப்படியும் 2021 மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் உயிரோடு இருந்தன.

இது எப்படி நடந்தது என்பதற்கான விடை 2021 ஜூலை 5 விசாரணையில் வந்தது. அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் சொன்னது இதுதான்: அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் 66ஏ முழுமையாக இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் இருக்கிறது, அடிக்குறிப்பை யாரும் பார்ப்பதில்லை. உச்ச நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று அறிவித்தாலும், அதைச் சட்ட ஏட்டிலிருந்து அழிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. அது அழிக்காதவரை வாசகம் அப்படியே அச்சாகிக்கொண்டிருக்கும். முதல் தகவல் அறிக்கை எழுதுபவர் முன்னால் இருப்பது தீர்ப்பு அல்ல, பேர் ஆக்ட் என்று வக்கீல்கள் சொல்லும் மெலிந்த புத்தகமும் பழைய எஃப்ஐஆர் மாதிரிகளும்தான். அங்கிருந்து பிரிவு எண் புதிய வழக்குக்குப் போகிறது, குற்றப்பத்திரிகைக்கும் தொடர்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விவரம் தெரிந்த வக்கீல் அமைந்தால் உண்டு. வேணுகோபால் சொன்னது உண்மை. ஆறு ஆண்டுகளில் அடிக்குறிப்பை மேலே ஏற்றக்கூட அரசுக்கு மனம் வரவில்லை என்பதும் உண்மை. நிலைமை அதிர்ச்சி தருகிறது என்று நீதிபதிகள் சொன்ன சில நாட்களில், 66ஏ-யில் வழக்குப் பதிய வேண்டாம் என்று உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

பிரிவின் மீதான ஆசையும் விடவில்லை. 2020 நவம்பரில் கேரள இடதுசாரி அரசு காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகச் சேர்த்தது. மிரட்டும், இழிவுபடுத்தும் செய்தி எந்த ஊடகத்தில் வந்தாலும் மூன்றாண்டு வரை சிறை. பெண்கள் மீதான இணைய வன்முறையைத் தடுக்கவே என்று விளக்கம் தரப்பட்டது. 66ஏ-வுக்கு எதிராக மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்த அதே கட்சியின் அரசு இது. ஆளுநர் கையெழுத்திட்ட சில நாட்களில், சொந்த அணியிலேயே எழுந்த எதிர்ப்பால் அவசரச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

2022 அக்டோபர் 12-ல் தலைமை நீதிபதி யு.யு. லலித் அமர்வு கடைசியாக ஒரு தெளிவான உத்தரவு போட்டது. 66ஏ-யில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது. நிலுவை வழக்குகளில் அந்தப் பிரிவு பற்றிய குறிப்பு நீக்கப்பட வேண்டும். சட்டத்தை அச்சிடும் எந்த வெளியீடும், அந்தப் பிரிவு செல்லாது என்பதை வாசகருக்குப் போதுமான அளவு தெரிவிக்க வேண்டும். பேராசிரியர் மகாபாத்ரா 2023 ஜனவரியில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார், கைதாகிப் பதினோராம் ஆண்டில்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் 42 சட்டங்களில் சிறு குற்றங்களுக்கான தண்டனைகளைக் குறைக்கவும் நீக்கவும் ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டத்தை நிறைவேற்றியது. நீக்கப்பட்டவற்றின் நீண்ட பட்டியலில் 66ஏ-வும் இருந்தது. 2023 ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள் கடந்த பிறகே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஏட்டிலிருந்து அந்த வாசகம் எடுக்கப்பட்டது.